நூறு சதவீதம் வாழ்க!

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் முதல் பால் கொதிப்பதற்குள் எதிரே ஃப்ளெக்ஸ் நின்றுவிட்டது. உச்சியில் கட்சித் தலைவர்கள். அடுத்த வரிசையில் கும்பிட்ட கையோடு எம்.எல்.ஏ. அவருக்கு இந்தப் பக்கம் பேரூராட்சித் தலைவி, அந்தப் பக்கம் தலைவியின் கணவர். கணவர் படம் ஒரு சுற்றுப் பெரியது, பேரூராட்சியை நடத்துகிறவர் அவர்தானே. இவர்கள் எல்லோரும் இடம்பிடித்த பிறகு மிச்சமிருந்த ஒரு சாண் இடத்தில், சவுக்குக் கட்டை பாதி மறைக்க, முதல் மூன்று மார்க் வாங்கிய பிள்ளைகள் பாஸ்போர்ட் சைஸில் முழித்துக்கொண்டிருக்கிறார்கள். ‘நூறு சதவீதத் தேர்ச்சி கண்ட நம் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு நல்வாழ்த்துகள்.’ பரீட்சை எழுதியது யார் என்று தெரியாத வெளியூர்க்காரர் பார்த்தால், எம்.எல்.ஏ. தான் ஒருவழியாக பாஸ் பண்ணிவிட்டார் என்று சந்தோஷப்படுவார்.

நானும் வாழ்த்துகிறேன். நூறு என்ன லேசுப்பட்ட எண்ணா? 2025-ல் தமிழ்நாடு முழுக்கப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 93.80 சதவீதம். அரசுப் பள்ளிகளை மட்டும் எடுத்தால் 91.26. அந்த இரண்டையும் தாண்டி உச்சாணிக் கொம்பில் ஏறி உட்காருவது எப்படி என்று மற்ற ஊர்களும் தெரிந்துகொள்ள வேண்டாமா? அதற்காகத்தான் எழுதுகிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

முதலில் ஒரு சின்ன வரலாறு. 2017-ல் மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்தியது. பிள்ளைகளைக் குதிரைப் பந்தயத்தில் விடக்கூடாது என்ற நல்ல எண்ணம். எண்ணம் நல்லதுதான், பந்தயம் நிற்கவில்லை. பிள்ளைகளை இறக்கிவிட்டு மாவட்டங்களை ஏற்றிவிட்டார்கள். எந்த மாவட்டம் முதலிடம், எது கடைசி என்று ஆண்டுதோறும் பேட்டியில் பட்டியல் வாசிக்கிறார்கள். கடைசி மாவட்டத்தின் கலெக்டர், முதன்மைக் கல்வி அலுவலரைக் கூப்பிடுகிறார். சி.இ.ஓ. எச்.எம்.களைக் கூப்பிடுகிறார். மீட்டிங் ஹாலில் திரை விரிகிறது. பச்சை எழுத்தில் சில பள்ளிகள், சிவப்பில் சில பள்ளிகள். சிவப்புப் பள்ளியின் எச்.எம். எழுந்து நிற்க வேண்டும். முப்பது வருஷம் சர்வீஸ் போட்டு, ரிட்டயர்மெண்டுக்கு நாள் எண்ணுகிற மனுஷன் நிற்கிறார். “உங்க ஸ்கூல்ல என்ன சார் நடக்குது?” அவர் பஸ் பிடித்து ஊருக்கு வந்து ஸ்டாஃப் மீட்டிங் போடுகிறார். வாத்தியார்கள் நிற்கிறார்கள். அவர்கள் வகுப்புக்குப் போனதும் பிள்ளைகள் நிற்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கீழே நிற்க வைக்க யாரும் இல்லை, அதனால் கோபத்தின் பயணம் அங்கே முடிகிறது.

நூறு எடுப்பதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கற்றுக் கொடுப்பது. அதற்கு ஆள் வேண்டும், காலம் வேண்டும், ஆறாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். இரண்டாவது வழிக்கு ஜெராக்ஸ் மெஷின் போதும். ‘மினிமம் மெட்டீரியல்’ என்று அதற்குப் பெயர். ‘மெல்லக் கற்போர்’ என்று அரசு நாசூக்காகச் சொல்கிற பிள்ளைகளின் கையில் டிசம்பர் வாக்கில் வந்து சேரும். கணக்குப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மார்க் கேள்வி பதினான்கு. வடிவியல் வரைபடம் எட்டு மார்க், கிராஃப் எட்டு மார்க். கூட்டினால் முப்பது. ஐந்து மார்க் கேள்வி ஒன்றே ஒன்றை உருப்படியாக எழுதினால் முப்பத்தைந்து. பாஸ்! தொடுகோடு என்றால் என்னவென்று தெரியவேண்டாம், காம்பஸை எங்கே ஊன்ற வேண்டும் என்று கைக்குத் தெரிந்தால் போதும். தினத்தந்தியின் தலைப்புச் செய்தியைத் தடுக்காமல் வாசிக்க முடியாத பையன் இப்படித்தான் கணக்கில் தேறுகிறான். அவன் தேறியதில் எனக்கு வருத்தமில்லை. பத்து வருஷம் அரசாங்கக் கட்டடத்தில் உட்கார்ந்தவனுக்கு வாசிக்கச் சொல்லித் தராமல், தேறிவிட்டான் என்று ஃப்ளெக்ஸ் வைக்கிறீர்களே, அந்தத் துணிச்சலைத்தான் வியக்கிறேன்.

மெட்டீரியலுக்கும் அடங்காதவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களுக்குத்தான் ஒன்பதாம் வகுப்பு. எட்டு வரைக்கும் எல்லோரும் பாஸ். ஒன்பதில்தான் வாசல் இருக்கிறது, வெளியே போகிற வாசல். ஏப்ரல் மாதம் அப்பாவைக் கூட்டிவரச் சொல்வார்கள். லோடு இறக்குகிற வேலையை அரை நாள் விட்டுவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் வந்து நிற்பார். உட்காரச் சொல்ல மாட்டார்கள்.

“உங்க பையன் தங்கமான பையன்யா. படிப்புதான் ஏறல.”

“நீங்க நாலு போடு போடுங்க சார்.”

“அதெல்லாம் இப்பக் கூடாதுய்யா, கேஸ் ஆயிரும். நான் அவன் நல்லதுக்குச் சொல்றேன். டி.சி. வாங்கிக்கங்க. டுடோரியல்ல போட்டு பிரைவேட்டா எழுதட்டும். இங்க இருந்து ஃபெயிலானா அவனுக்குத்தானே அசிங்கம்?”

“சரிங்க சார். நீங்க சொன்னா சரி.”

அந்த ‘சரிங்க சார்’தான் ஃப்ளெக்ஸில் நூறு சதவீதமாக அச்சாகிறது. அறுபத்திரண்டு பேர் இருந்த வகுப்பில் பதினொரு பேரைக் கழித்துவிட்டால் ஐம்பத்தொன்று. ஐம்பத்தொன்றுக்கு ஐம்பத்தொன்று பாஸ். எங்கள் ஊர்ப் பள்ளியில் கணக்குப் பாடம் பலவீனம் என்று சொல்பவன் வாயைக் கழுவ வேண்டும். கழித்தலில் இவ்வளவு தேர்ச்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதற்கு நேர்மாறான வித்தையும் துறைக்குத் தெரியும். பிள்ளையை அனுப்பிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொள்வது. 2023 மார்ச் 13 அன்று பிளஸ் டூ தமிழ்ப் பரீட்சைக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை. தாய்மொழிப் பாடம், முதல் பரீட்சை! நாடே அதிர்ந்தது. விசாரித்தால் அவர்களில் பெரும்பகுதியினர் முந்தின வருஷமே காணாமல் போனவர்கள். பிளஸ் ஒன் பரீட்சைக்கே வராத பிள்ளையின் பெயர் பிளஸ் டூ பட்டியலில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. ஆளில்லாத பெஞ்சுக்கு ஹால் டிக்கெட் போய்ச் சேர்ந்தது. இன்னொரு வித்தையும் உண்டு. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தாமலேயே பன்னிரண்டுக்குத் தாவுவது. நாமக்கல் பக்கத்துத் தனியார் பள்ளிகள் வளர்த்த கலை அது. அதைத் தடுக்க 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-26-ல் அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளின் சுமை குறைந்தது, நல்லதுதான். தாவுகிறவர்களின் முட்டிக்கும் சுகமாயிற்று.

படிப்பு இந்த லட்சணம் என்றால் விளையாட்டாவது இருக்கிறதா என்று கேட்பீர்கள். ஏன் இல்லை? மைதானம் இருக்கிறது. நாலு ஏக்கர். அந்தக் காலத்தில் ஒரு பெரிய மனுஷர் எழுதிக் கொடுத்த நிலம். அதில் விளையாடாதவர்கள் மாணவர்கள் மட்டும்தான். விடியற்காலையில் நடைப்பயிற்சி சங்கம். அவர்களுக்கு பெஞ்சு போட்டு, சங்கத்தின் பெயரை பெஞ்சில் எழுதி வைத்திருக்கிறார்கள். பகலில் ஆடுகள். வெள்ளம் வந்தால் நிவாரண முகாம், தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி வண்டிகள், ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு போட்டித் தேர்வு எழுத வந்தவர்களின் இருசக்கர வாகனங்கள். முதல்வர் வந்தாலும் எதிர்க்கட்சித் தலைவர் வந்தாலும் பந்தல்கால் ஊன்றுவது இங்கேதான். ஊன்றிய குழியை மூடுவது எந்தக் கட்சியின் கொள்கையிலும் இல்லை. நீளம் தாண்டும் மணல் குழி எங்கே என்று தேடினேன். புதிய வகுப்பறை கட்டிய காண்ட்ராக்டர் மிச்சக் கல்லையும் உடைந்த ஓட்டையும் கொட்டி அதைச் சமன் செய்திருக்கிறார். இப்போது அதில் தாண்டினால் நேராக அரசு ஆஸ்பத்திரியில்தான் இறங்கலாம்.

இரவில் வேறு விளையாட்டு. சுற்றுச்சுவர் இடிந்த பக்கமாக வந்து டாஸ்மாக் அன்பர்கள் அணி அணியாக உட்காருவார்கள். குடித்து முடித்த பாட்டிலை அவர்கள் எறிகிற தூரத்தைப் பார்த்தால் குண்டு எறிதலில் மாநிலத்துக்கு ஒரு பதக்கம் நிச்சயம். காலையில் பிரேயருக்கு முன்னால் பி.டி. வாத்தியார் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு குவார்ட்டர் பாட்டில் சில்லைப் பொறுக்குகிறார். கூடவே நாலு பையன்களும் பொறுக்குகிறார்கள். கண்ணாடி வெயிலில் மின்னும், அதனால் பொறுக்குவது சுலபம் என்று ஒரு பையன் எனக்குச் சொன்னான். மண்ணுக்குள் புதைந்ததைத்தான் காலால் கண்டுபிடிக்க வேண்டுமாம். கடையை நடத்துவதும் அரசு. பள்ளியை நடத்துவதும் அரசு. ஒன்றின் கழிவை இன்னொன்றின் பிள்ளைகள் பொறுக்குகிறார்கள். துறைகளுக்கிடையே இப்படி ஓர் ஒருங்கிணைப்பை எந்த மாநிலத்தில் பார்க்க முடியும்?

அந்த பி.டி. வாத்தியாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காலையில் வாசலில் நின்று லேட்டாக வருகிறவர்களைப் பிடிப்பது அவர். தலைமுடியைப் பார்ப்பது, இறுக்கிப் பிடித்த பேண்டைப் பார்ப்பது அவர். இலவச சைக்கிள் வந்தால் எண்ணி இறக்குவது அவர். துறையின் எமிஸ் இணையத்தில் ஏதாவது ஏற்றவேண்டும் என்றால், ‘உங்களுக்கு ஒண்ணும் வேலை இல்லையே சார்’ என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்பதும் அவரைத்தான். அவருக்கென்று வாரத்தில் ஒரு வகுப்புக்கு இரண்டு பீரியட் டைம் டேபிளில் எழுதியிருக்கிறது. எழுதியதோடு சரி. ஜூலையிலேயே கணக்கு வாத்தியார் ஒன்றை எடுத்துக்கொள்வார், அறிவியல் டீச்சர் மற்றதை. 2023-ல் அப்போது விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின், பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று கணக்கு, அறிவியல் ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார். கைதட்டல் பலமாக இருந்தது. எங்கள் ஊர்க் கணக்கு வாத்தியாரும் கைதட்டியிருப்பார். தட்டிவிட்டுப் போய் மறுநாள் பீரியடை வாங்கியிருப்பார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அமைச்சர் ஒருவர் பீரியடை எடுக்காதே என்கிறார், இன்னோர் அமைச்சரின் அலுவலகம் தேர்ச்சி எங்கே என்கிறது. மெமோ இரண்டாவது இடத்திலிருந்துதான் வரும்.

எங்கள் ஊர் வாத்தியார் முழுநேர ஆள். கொடுத்துவைத்த ஊர். பக்கத்து ஊரில் இருப்பவர் பகுதிநேரம். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். நடுநிலை வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஓவியம், உடற்கல்வி, கைத்தொழிலுக்குப் ‘பகுதிநேரப் பயிற்றுநர்’ என்று சட்டமே சொல்கிறது. பிள்ளையின் மூளைக்கு முழு வாத்தியார், உடம்புக்கு அரை வாத்தியார் என்று நாடாளுமன்றமே தீர்மானித்துவிட்டது. அதைக் கொண்டு 2012-ல் தமிழ்நாட்டில் பதினாறாயிரத்துச் சொச்சம் பேரை எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். பன்னிரண்டு வருஷத்தில் அது 12,500 ரூபாய்க்கு ஊர்ந்து வந்தது. அந்த வருஷங்களில் மே மாதம் சம்பளம் கிடையாது, பள்ளி லீவாம். வயிற்றுக்கு லீவு விடும் வித்தையை மட்டும் உடற்கல்விப் பாடத்தில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். 2021 தேர்தல் அறிக்கையில் இவர்களை நிரந்தரம் ஆக்குவதாகச் சொன்ன கட்சி ஜெயித்தது. இவர்கள் சென்னைக்கு பஸ் ஏறி, பள்ளிக்கல்வித் துறையின் டி.பி.ஐ. வளாகத்தில் உட்கார்ந்து, கைதாகி, கல்யாண மண்டபத்தில் சாம்பார் சாதம் சாப்பிட்டுச் சாயங்காலம் விடுதலையாகித் திரும்பி வந்தார்கள், பலமுறை. அரசு சும்மா இருக்கவில்லை. டி.பி.ஐ. வளாகத்துக்குப் பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் என்று பெயர் மாற்றியது. அந்தப் பெயர் நிரந்தரம்.

டெல்லிக்காரர்களை விட்டுவிட்டதாக யாரும் குறைபட வேண்டாம். ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கு விளையாட்டு மானியம் வருஷத்துக்கு அதிகபட்சம் 25,000 ரூபாய். ஆயிரம் பேர் படிக்கிற பள்ளியில் தலைக்கு இருபத்தைந்து ரூபாய். எங்கள் பஸ் ஸ்டாண்டில் இரண்டு டீ. வருஷத்துக்கு இரண்டு டீ செலவில் ஒலிம்பிக் வீரரை உருவாக்க வேண்டும். அந்தத் திட்டத்தின் பணத்திலும், மத்திய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று, 2024-25-ல் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தார்கள். பெரிய மனிதர்களுக்குள் கொள்கைச் சண்டை. வாலிபால் வலை கிழிந்தபடி நடுவில் நிற்கிறது.

எங்கள் ஊர் பி.டி. வாத்தியார் ஸ்போர்ட்ஸ் ரூமை ஒருநாள் திறந்து காட்டினார். காற்றுப்போன வாலிபால் மூன்று. தையல் பிரிந்த ஃபுட்பால் ஒன்று, தேர்தல் சாமான் வைத்த டிரங்குப் பெட்டிக்கு அடியில். ஈட்டி இரண்டில் ஒன்றைக் காணோம். ஆண்டு விழா மேடையில் திரை கட்டக் கம்பு பத்தவில்லை என்று கொண்டு போனார்களாம். இரும்புக் குண்டு எங்கே என்றேன். எச்.எம். அறைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அதைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அலமாரியில் மட்டும் புத்தம் புதிதாக, பாலிதீன் பிரிக்காமல், செஸ் போர்டுகள். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்த வருஷம் பள்ளிக்கூடம் எல்லாம் சதுரங்க ஜுரம். எனக்கு அந்த விளையாட்டின்மேல் பகை இல்லை. ஆனால் அதிகாரிகளுக்கு அது ஏன் அவ்வளவு பிடிக்கிறது என்று புரிகிறது. மைதானம் வேண்டாம், ஷூ வேண்டாம், வியர்வை வராது, சத்தம் கேட்காது, பிள்ளைகள் உட்கார்ந்த இடத்தைவிட்டு நகர மாட்டார்கள். வகுப்பறை போலவே இருக்கிறது.

இவ்வளவுக்கும் நடுவில், ஆகஸ்டில் குறுவட்டப் போட்டிக்குப் பதினெட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப் போனார் அந்த வாத்தியார். போட்டி நடந்தது தனியார் பள்ளி மைதானத்தில், ஏனென்றால் எங்கள் நாலு ஏக்கரில் நானூறு மீட்டர் டிராக் போடப் பந்தல் குழிகள் இடம் கொடுக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி 800 மீட்டர் ஓடினாள். பக்கத்து லேனில் ஸ்பைக்ஸ், இவள் வெறுங்கால். சீருடைச் சுடிதாரின் பேண்டைக் கரண்டைக் கால்வரை சுருட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தாள். முதல் சுற்றில் ஆறாவது. இரண்டாவது சுற்றில் கடைசி வளைவில் ஒவ்வொருத்தியாகத் தாண்டி வந்து முதலாவதாக விழுந்தாள், கோட்டுக்கு அந்தப் பக்கம். எழுந்து முட்டியில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டிக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி: “சார், இன்னிக்கு ஓ.டி. போடுவாங்களா? இல்ல ஆப்சென்டா?”

ஆப்சென்ட் போட்டிருந்தார்கள். அன்றைக்கு யூனிட் டெஸ்ட். மறுநாள் பிரேயரில் எச்.எம். அவள் பெயரை மைக்கில் வாசித்து, கைதட்டச் சொன்னார். பிறகு அவளை வகுப்புக்கு வெளியே நிற்கவைத்து டெஸ்ட் எழுதச் சொன்னார்கள். இரண்டும் ஒரே காலையில் நடந்தது. வருவாய் மாவட்டப் போட்டி வந்தபோது பஸ் காசும் சாப்பாட்டுப் பொட்டலமும் வாத்தியாரின் சொந்தச் செலவு. அவளுக்கு அங்கே நாலாவது இடம். நாலாவதுக்குச் சான்றிதழ் கிடையாது.

ஏப்ரலில் எழுதிய அந்தப் பதினொரு பேர் பட்டியலில் ஏழாவது பெயர் அவளுடையது. ஆங்கிலத்தில் பதினெட்டு, கணக்கில் பதினொன்று. அம்மா வந்து கையெழுத்துப் போட்டு டி.சி. வாங்கிப் போனார். இப்போது மில் வேன் ஏறிப் போகிறாள் என்று சொன்னார்கள். அதிகாலை ஷிஃப்ட். வேனைப் பிடிக்க ஓடித்தான் ஆகவேண்டும்.

இவள் மட்டும் எப்படியோ தப்பி எங்கேயாவது ஒரு பதக்கம் வாங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நமக்குத் தெரியும். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்றதும் அரசு 2 கோடி ரூபாய் அறிவித்தது. அவருக்குள் ஒரு உயரம் தாண்டுபவர் இருக்கிறார் என்று முதலில் கண்டது பள்ளி உடற்கல்வி ஆசிரியர் ஒருவர். மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணி, பெற்றோரை இழந்து பாட்டி வளர்த்த பெண், பள்ளிப் போட்டியில் வெறுங்காலில் ஓடியதை ஒரு பயிற்சியாளர் பார்த்ததால் டோக்கியோ ஒலிம்பிக் வரைக்கும் போனார். செய்தி வந்ததும் ‘வெறுங்காலில் ஓடிய வீராங்கனை’ என்று பத்திரிகைகள் உருகின. மேடையில் பேசியவர்கள் உருகினார்கள். பாராட்டுவதற்கு முந்திக்கொண்டு வந்த ஒருவருக்கும், ஏன் வெறுங்கால், யார் ஷூ வாங்கித் தரவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை. ஜெயித்தபின் கோடி கொடுப்பதற்கு நிதி உண்டு, தலைப்பு உண்டு, புகைப்படம் உண்டு. ஜெயிப்பதற்கு முன் ஷூ கொடுக்கக் கோப்பு நகராது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளும் நடக்கின்றன, பரிசுப் பணமும் தாராளம். கோப்பை சென்னையிலிருந்து புறப்படுகிறது. எங்கள் ஊருக்குள் வரும் சாலையில் பந்தல் குழி.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. தென்மாவட்டங்களில் பி.டி. வாத்தியாரின் சட்டைப் பையில் விசிலோடு ஒரு கத்தரிக்கோலும் இருக்கும். பையன்களின் மணிக்கட்டில் கலர் கலராகக் கயிறு. சாமிக் கயிறு என்பார்கள். எந்தச் சாமிக்கு எந்தத் தெரு என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். 2019-ல் பள்ளிக்கல்வி இயக்குநர் இதைத் தடுக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். அரசியல்வாதி ஒருவர் இந்து மத விரோதம் என்று குரல் கொடுத்ததும் அன்றைய அமைச்சர் பழைய நடைமுறையே தொடரும் என்றார். பழைய நடைமுறை நன்றாகவே தொடர்ந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் தங்கையையும் அவர்கள் வீட்டுக்குள்ளேயே புகுந்து வெட்டினார்கள், வெட்டியவர்கள் அவனோடு படித்தவர்கள். நீதிபதி சந்துரு குழு வந்தது, 2024-ல் அறிக்கையும் வந்தது. கயிறு கட்டக்கூடாது என்பதும் அதில் இருக்கிறது. அறிக்கை பத்திரமாக இருக்கிறது.

கபடியில் ஏழு பேர் கைகோத்துத்தான் நிற்க வேண்டும். எதிராளியைப் பிடிக்கும்போது யார் தொடை, யார் கழுத்து, யார் வியர்வை என்று பார்க்க முடியாது. இந்த ஊரில் இரண்டு தெருப் பையன்கள் ஒருத்தனை ஒருத்தன் தொடுவதற்கு அரசு செலவில் இருந்த ஒரே இடம் அதுதான். அதையும் மூடி, ஸ்பெஷல் கிளாஸ் வைத்து, பெஞ்சில் தெருவாரியாக உட்காரவைத்து, வடிவியல் எட்டு மார்க் சொல்லித் தருகிறோம். பிறகு மோதல் நடந்தால் ஆற்றுப்படுத்த கவுன்சலிங் வண்டி வருகிறது.

என் கோபம் எச்.எம்.மின் மேல் மட்டும் இல்லை. அவர் மீட்டிங்கில் நிற்கிறவர். ஊர்மேலும்தான். ஃப்ளெக்ஸைப் பார்த்துப் பெருமைப்பட்டவர்களில் பாதிப் பேர் தங்கள் பிள்ளையை மஞ்சள் வேனில் மெட்ரிக் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள். நடைப்பயிற்சி சங்கத்தில் வக்கீல் இருக்கிறார், டாக்டர் இருக்கிறார், ரிட்டயர்டு தாசில்தார் இருக்கிறார். தினமும் நாலு ஏக்கரைப் பத்துச் சுற்றுச் சுற்றுகிறார்கள். அந்தப் பெண் ஓடிப் பழகுவதற்காகக் காலை ஐந்தரைக்கு வந்தபோது, குறுக்கே ஓடாதேம்மா என்று சொன்னவர்களும் அவர்கள்தான்.

ஆகவே, அங்கே நடக்கிறவர்களுக்கும் நடக்காதவர்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். ஒரு வெள்ளைத்தாளில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கு எழுதுங்கள். கேள்வி மூன்று போதும். நான்கு வருஷத்துக்கு முன் ஆறாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இந்த வருஷம் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதினார்கள்? ஒன்பதாம் வகுப்பு முடிவில் டி.சி. வாங்கியவர்கள் எத்தனை பேர்? விளையாட்டு மானியத்தில் என்ன வாங்கினார்கள், அது இப்போது எங்கே இருக்கிறது? முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். பதில் வந்ததும் ஒரு ஃப்ளெக்ஸ் அடியுங்கள். எம்.எல்.ஏ. படம் போட்டிருக்கிற அதே இடத்தில், அதே அளவில்.